நிலநடுக்க அறிவிப்பைப் படிப்பது எப்படி?

எங்கோ நிலம் நடுங்கியதாகச் செய்தி வந்தால் யூஎஸ்ஜிஎஸ் எனப்படும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். நேரம் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், இருந்தால் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் இந்திய நேரம். 2004 டிசம்பர் 26, 00:58 என்பது நமக்குக் காலை 6:28.

அடுத்து அளவு. செய்தியில் இன்னும் 'ரிக்டர்' என்றே சொல்கிறார்கள். அது கலிஃபோர்னியாவின் உள்ளூர் நடுக்கங்களுக்காக 1935-இல் போட்ட கணக்கு. பெரிய நடுக்கங்களுக்கு இப்போது மொமென்ட் அளவுதான்: கிழிந்த பிளவின் பரப்பு, இரு பக்கமும் நழுவிய தூரம், பாறையின் விறைப்பு மூன்றையும் பெருக்கி, அதிலிருந்து எடுப்பது. ஒப்பிடும்போது இரண்டு எண்களை நினைவில் வையுங்கள். அளவு 1 கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு, 0.2 கூடினாலே இரு மடங்கு.

முதலில் வரும் அளவை அப்படியே நம்பிவிடாதீர்கள். 2011 மார்ச் 11 அன்று ஜப்பான் வானிலை முகமை மூன்றே நிமிடத்தில் சுனாமி எச்சரிக்கை விடுத்தது. அப்போது கணக்கில் இருந்த அளவு 7.9. உண்மையில் 9.0. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளப் பிளவு கிழிந்து முடியவே சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் கணக்குப் போட்டால் அளவு குறைவாகத்தான் வரும். அரைமணி கழித்து ஒருமுறை பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள்.

ஆழத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. 2013 மே மாதம் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், ஓகோட்ஸ்க் கடலுக்கு அடியில் 8.3, ஆழம் சுமார் 600 கிலோமீட்டர். மாஸ்கோவரை உணர்ந்தார்கள், பெரிய சேதம் இல்லை. 2010-இல் ஹெய்ட்டியில் 7.0 மட்டுமே, ஆழம் 13 கிலோமீட்டர், தலைநகரோ அருகிலேயே. நகரம் நொறுங்கியது. ஆழம் சரியாக '10 கி.மீ.' என்றிருந்தால் மட்டும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். தரவு போதாதபோது கணினி நிரல் இட்டு நிரப்பும் எண் அது, பிறகு மாறலாம்.

வரைபடத்தில் தெரியும் நட்சத்திரம் கிழிசல் தொடங்கிய புள்ளி மட்டும்தான். 2004-இல் அது சுமத்ரா அருகே இருந்தது. பிளவோ அந்தமான்வரை சுமார் 1,300 கிலோமீட்டர் ஓடியது. நட்சத்திரத்திலிருந்து அளந்தால் கார் நிக்கோபார் தீவு 600 கிலோமீட்டருக்கும் அப்பால். பிளவிலிருந்து அளந்தால் அதன் தலைமேலேயே. 2015 நேபாளத்திலும் இதே கதை: தொடக்கம் கோர்க்கா பக்கம், கிழிசல் நகர்ந்ததோ காத்மாண்டுவை நோக்கி.

கடைசியாக, மொமென்ட் டென்சர் என்ற பிரிவில் கறுப்பும் வெள்ளையுமாக (கறுப்புக்குப் பதில் வேறு நிறமும் இருக்கலாம்) ஒரு பந்துப் படம் இருக்கும். எண்களைவிட இது அதிகம் சொல்லும். நடுவில் கறுப்பு, ஓரங்களில் வெள்ளை என்றால் ஒரு பக்கப் பாறை மற்றதன்மேல் ஏறியிருக்கிறது. நடுவில் வெள்ளை என்றால் ஒரு பக்கம் சரிந்து இறங்கியிருக்கிறது. பெருக்கல் குறிபோல நான்கு துண்டுகளாக மாறி மாறி இருந்தால் இரு பக்கமும் பக்கவாட்டில் உரசி நகர்ந்திருக்கின்றன.

2004-ஐயும் 2012 ஏப்ரல் 11-ஐயும் அடுத்தடுத்துத் திறந்து பாருங்கள். முதலாவது 9.1. புவியின் மேலோடு பல பாறைத் தட்டுகளால் ஆனது; இது இந்தியத் தட்டு பர்மா சிறுதட்டுக்கு அடியில் நுழையும் விளிம்பு. பந்தின் நடுவில் கறுப்பு. கடல்தரை எழும்பி, மேலிருந்த தண்ணீர் முழுவதையும் தூக்கியது. இரண்டாவது 8.6. அதே சுமத்ராவுக்கு மேற்கே, தட்டின் உள்ளேயே. பந்தில் பெருக்கல் குறி. சென்னையில் கட்டடங்கள் ஆடின, மக்கள் தெருவுக்கு வந்தார்கள், எச்சரிக்கையும் விடப்பட்டது. ஆனால் தரை பக்கவாட்டில் நகர்ந்ததால் தண்ணீரை அவ்வளவாகத் தூக்கவில்லை. வந்தவை சிறு அலைகளே.

பெருக்கல் குறியைப் பார்த்துச் சுனாமி வராது என்று முடிவுகட்டவும் கூடாது. 2018 செப்டம்பரில் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், பாலு நகர் அருகே 7.5, பக்கவாட்டு நகர்வுதான். ஆனால் குறுகிய விரிகுடா, கரையோர மண்சரிவுகள். சில நிமிடங்களில் அலை ஊருக்குள் வந்துவிட்டது. பந்துப் படம் வெளிவருவதற்கே அதைவிட நேரமாகும். கரையோரம் நிற்கும்போது நிலம் பலமாகவோ வெகுநேரமோ ஆடினால் கைபேசியைத் தேடாதீர்கள், மேட்டுக்கு நடங்கள். பக்கத்தை அங்கே போய்த் திறக்கலாம்.