ஏலத்தோட்டத்தில் சம்பளம் பாக்கியா? யாரிடம், எப்படிக் கேட்பது

கம்பம், போடிப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி கேரளாவில் இருக்கும் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "அடுத்த வாரம் சேர்த்துத் தர்றேன்" என்று கங்காணி (வேலைக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவர்) சொல்லிச் சொல்லியே எனக்கு ஒரு தடவை ஆறு வாரச் சம்பளம் நின்றுபோனது. என் கையில் கணக்கு எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு அக்காதான் வேலைக்குப் போன நாளையெல்லாம் காலண்டரில் பேனாவால் சுழித்து, எந்தத் தோட்டம், யார் ஜீப், எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினோம் என்று ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்தார். கூட வந்த எட்டுப் பேருக்கும் அந்தத் தாளை வைத்துத்தான் பணம் வாங்கினோம்.

அதனால் இன்றைக்கே எழுத ஆரம்பியுங்கள். ஜிபேயில் வந்த பணம், கங்காணி அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவு எதையும் அழிக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. தினக்கூலி என்றால் அன்றைய வேலை முடியும்போதே, வாரச் சம்பளம் என்றால் வார விடுமுறைக்கு முந்தின வேலைநாளில், மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். உங்களை நிறுத்தினாலும் சரி, நீங்களாக நின்றாலும் சரி, 2 வேலைநாளுக்குள் கணக்கை முடிக்க வேண்டும். "நான் கங்காணியிடம் கொடுத்துவிட்டேன்" என்று முதலாளி கையை விரித்தால் அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள், கங்காணி கொடுக்காவிட்டால் தோட்டத்து உரிமையாளர்தான் பொறுப்பு. சம்பளம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்க வேண்டியதும் அவர்தான். ஆனால் நீங்கள் அங்கே வேலையே பார்க்கவில்லை என்று சாதித்தால்? அப்போதுதான் காலண்டர் தாள் பேசும்.

முதலில் எழுத்தில் கேளுங்கள். எத்தனை நாள், என்ன கூலி, எவ்வளவு பாக்கி என்று எழுதி உரிமையாளருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி (பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் இதோடு சேர்ந்துவிட்டது), போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

பதில் இல்லையா, தொழிலாளர் அலுவலகத்துக்குப் போங்கள். இங்கேதான் நம் ஆட்கள் நிறையப் பேர் தவறுகிறார்கள். வீடு தேனி மாவட்டம் என்பதால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுவோடு நிற்கிறார்கள். தோட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான், அதாவது இடுக்கியில்தான் மனு. தேவிகுளம், பீர்மேடு பக்கம் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். பாக்கி விழுந்து 3 வருடம் வரை கேட்கலாம். பாக்கியோடு அதைப் போல 10 மடங்கு வரை இழப்பீடு போட விசாரணை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. பல பேருக்குச் சேர்த்து ஒரே மனுவாகவும் போடலாம், பதிவு பெற்ற தொழிற்சங்கமும் உங்களுக்காகப் போடலாம். தனியாகப் போவதைவிடச் சேர்ந்து போவதுதான் என் கணக்கில் நல்லது, ஒருவரை மட்டும் மிரட்டி மடக்க முடியாது.

அப்புறம் கையெழுத்து விஷயம். பாதிப் பணத்தைக் கையில் வைத்துவிட்டு மலையாளத்தில் எழுதிய வவுச்சரை நீட்டுவார்கள். அதில் "கைப்பற்றி" என்று இருந்தால் "பெற்றுக்கொண்டேன்" என்று அர்த்தம். எவ்வளவு பெற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறது என்று மலையாளம் தெரிந்தவரை வாசிக்கச் சொல்லாமல் பேனாவைத் தொடாதீர்கள். வாங்கிய தொகையை மட்டும் உங்கள் கையாலேயே தமிழில் எழுதி, "மீதி பாக்கி" என்றும் சேர்த்து, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள்.

வக்கீலுக்குக் காசில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும், 15100-க்குப் போன் செய்யுங்கள். விசாரணைக்குப் போகும்போது காலண்டர் தாளின் நகலைக் கொடுங்கள். அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.