ராஸ்பெர்ரி பையில் சீரியல் தொடர்பு: ஒரு கம்பி, ஒரு வெப்பநிலை, முழுமையான ஒரு வரி

ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறிய கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று நொடிக்கு ஒருமுறை அறையின் வெப்பநிலையை "29.4" என்பது போல ஒரு வரியாக அனுப்புகிறது, அதை ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினி படித்து, எண்ணாக மாற்றிச் சேமிக்க வேண்டும். இந்தச் சிறு வேலையைத் தொடக்கத்திலிருந்து செய்து பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கம். திரையில் முதல் எண் தோன்றியவுடன் வேலை முடிந்துவிட்டதாகப் பலரும் கருதிவிடுகிறார்கள். ஆனால் சீரியல் கம்பியில் வருவது வரியும் அன்று, எண்ணும் அன்று. ஒன்றன்பின் ஒன்றாக வரும் பைட்டுகள், அதாவது எட்டு பிட்டுகள் (0 அல்லது 1) கொண்ட துண்டுகள் மட்டுமே. எந்தப் பைட்டில் ஒரு செய்தி தொடங்கி எதில் முடிகிறது என்பதை நம் நிரல்தான் கண்டறிய வேண்டும். இதை மனத்தில் கொண்டால், பின்னால் வரும் படிகள் ஒவ்வொன்றும் ஏன் தேவை என்பது தானே விளங்கும்.

இங்கே கூறும் அமைப்பு ராஸ்பெர்ரி பை 3, 4 ஆகியவற்றுக்கு உரியது. பை 5-இல் பிழைதிருத்தத்துக்கென்று மூன்று முனைகள் கொண்ட தனி இணைப்பான் இருப்பதால் போர்ட்டுகளின் ஒதுக்கீடு சற்று வேறுபடும்.

கம்பியில் என்ன நடக்கிறது

"2" என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். கணினி எழுத்துகளுக்குத் தரும் ஆஸ்கி எண்களில் அது 50. இரும வடிவம் 00110010. சும்மா இருக்கும்போது கம்பி உயர்நிலையில், அதாவது 1-இல் இருக்கும். அனுப்பும் பலகை முதலில் கம்பியை 0-க்கு இறக்குகிறது. இதுவே தொடக்க பிட். அதன்பின் சிறிய பிட்டிலிருந்து தொடங்கி 0, 1, 0, 0, 1, 1, 0, 0 என்று எட்டு பிட்டுகள் செல்கின்றன. இறுதியில் கம்பி மீண்டும் 1-க்கு ஏறுகிறது. இது நிறுத்த பிட். ஆக, ஒரு பைட்டை அனுப்பப் பத்து பிட்டுகள் தேவைப்படுகின்றன. 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் ஒரு பிட் ஏறக்குறைய 104 மைக்ரோ நொடிகள் நீடிக்கும். நொடிக்கு அதிகபட்சம் 960 பைட்டுகள் செல்லும்.

இரு பலகைகளுக்கும் பொதுவான கடிகாரக் கம்பி எதுவும் இல்லை. பெறும் பலகை, கம்பி 1-இலிருந்து 0-க்கு இறங்கும் கணத்தைப் பிடித்து, அங்கிருந்து தன் சொந்தக் கடிகாரத்தால் எண்ணி, ஒவ்வொரு பிட்டின் நடுப்பகுதியிலும் கம்பியின் நிலையைப் பார்க்கிறது. இரு கடிகாரங்களுக்கும் இடையே சில விழுக்காடு வேறுபாடு இருந்தாலே, ஒன்பதாவது, பத்தாவது பிட்டை எட்டும்போது பெறும் பலகை பக்கத்துப் பிட்டைப் பார்க்கத் தொடங்கிவிடும். பாட் ரேட், அதாவது இரு பலகைகளிலும் குறித்த வேகம், பொருந்தாதபோது திரையில் பொருளற்ற குறிகள் நிரம்புவதற்குக் காரணம் இதுதான்.

இணைப்பு

ராஸ்பெர்ரி பையின் 40 முனை இணைப்பானில், பலகையின் விளிம்பை ஒட்டிய வரிசையில், 2-ஆம், 4-ஆம் முனைகளில் 5 வோல்ட் இருக்கிறது. 6-ஆம் முனை கிரவுண்ட் (0 வோல்ட்), 8-ஆம் முனை அனுப்புவது, 10-ஆம் முனை பெறுவது. ஐந்தும் அடுத்தடுத்து இருப்பதால் ஒரு முனை தவறிக் குத்தினாலும் ஆபத்துதான். ஆகவே மின்சாரத்தை நிறுத்திய பின்னரே கம்பிகளைச் செருக வேண்டும்.

பையின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. ஊனோ 5 வோல்ட்டில் இயங்குகிறது. ஊனோவின் அனுப்பும் முனையை நேராகப் பையின் 10-ஆம் முனையில் செருகினால் சில நாள் வேலை செய்வது போலத் தோன்றக்கூடும். ஆயினும் அந்த முனையோ பலகையே முழுவதுமோ பழுதாக அது வழிவகுக்கும். இதில் சமரசம் செய்துகொள்ளவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு ரெசிஸ்டர்களே போதும்: ஊனோவின் 1-ஆம் முனையிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பையின் 10-ஆம் முனைக்கு இணைத்து, அதே 10-ஆம் முனையிலிருந்து 2 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்கு இணைத்தால், 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 3.3 வோல்ட் மட்டுமே பையை அடையும். பை இங்கே கேட்க மட்டுமே போவதால் எதிர்த்திசைக் கம்பி தேவையில்லை.

இரு பலகைகளின் கிரவுண்டையும் தவறாமல் இணைக்க வேண்டும். வோல்ட் அளவு என்பது இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடு. பொதுவான கிரவுண்ட் இல்லையேல் "உயர்நிலை" என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. நான் ஒருமுறை மாலை முழுவதும் நிரலைத் திருத்திக்கொண்டிருந்தேன். குறை கடைசியில் அந்த ஒரு கம்பியில்தான் இருந்தது.

பழைய தொழிற்சாலைக் கருவிகளில் உள்ள ஆர்எஸ்-232 என்னும் வேறு வகைச் சீரியல் போர்ட்டை இதே முறையில் இணைத்துவிடக் கூடாது. அதில் எதிர்மறை வோல்ட்டும் வரும். மேக்ஸ்3232 போன்ற நிலைமாற்றிச் சில்லு கட்டாயம் வேண்டும்.

போர்ட்டை விடுவித்தல்

பையின் சீரியல் போர்ட்டை, தொலைவிலிருந்து உள்நுழைவதற்கான முனையமாக இயங்குதளமே பிடித்து வைத்திருக்கக்கூடும். டெர்மினலில் ராஸ்பி-கான்ஃபிக் கருவியை நிர்வாகி உரிமையுடன் திறந்து, இன்டர்ஃபேஸ் பகுதியில் சீரியல் போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு கேள்விகள் வரும். உள்நுழைவு முனையம் வேண்டுமா என்பதற்கு "இல்லை" என்றும், சீரியல் வன்பொருள் இயங்க வேண்டுமா என்பதற்கு "ஆம்" என்றும் விடையளித்துக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். இனி டெவ் அடைவில் உள்ள சீரியல்0 என்ற பெயரே நமக்குரிய போர்ட். அனுமதி மறுக்கப்பட்டால், உங்கள் பயனர் கணக்கு, சீரியல் போர்ட்டைப் பயன்படுத்த உரிமை உள்ள டயல்அவுட் குழுவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதலில் கம்பியைச் சோதியுங்கள்

ஊனோவை இணைக்கும் முன், பையின் 8-ஆம் முனையையும் 10-ஆம் முனையையும் ஒரே ஒரு ஜம்பர் வயரால் இணையுங்கள். பை அனுப்புவது பைக்கே திரும்பி வரும். சீரியல் போர்ட்டில் எழுதவும் படிக்கவும் உதவும் மினிகாம் நிரலை நிறுவி, சீரியல்0 போர்ட்டை 9600 வேகத்தில் திறந்து, அதன் அமைப்புகளில் வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள். அது இயக்கத்தில் இருந்தால், நாம் இணைக்காத வேறு கம்பியின் அனுமதிக்காகக் காத்திருந்து எதையும் அனுப்பாமல் இருந்துவிடும்.

இப்போது தட்டும் எழுத்து திரையில் தெரிய வேண்டும். வயரை உருவியதும் தெரியாமல் போக வேண்டும். இரண்டையும் பார்த்தால்தான் சோதனை நிறைவு பெறும். உருவிய பிறகும் எழுத்து தெரிந்தால், அது கம்பி வழியாக வந்ததன்று. மினிகாமே எதிரொலிக்கிறது என்று பொருள். இச்சோதனை போர்ட்டும் அனுமதியும் முனைகளும் சரி என்பதை மெய்ப்பிக்கும். பாட் ரேட் சரியா என்பதை மட்டும் அது காட்டாது. ஏனெனில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே கடிகாரம்.

வரியைச் சேர்த்தெடுக்கும் நிரல்

ஊனோவின் நிரலில் 9600 வேகத்தைக் குறித்து, நொடிக்கு ஒருமுறை பிரின்ட்எல்என் கட்டளையால் எண்ணை அனுப்பச் செய்யுங்கள். ஊனோவின் 1-ஆம் முனை யுஎஸ்பி சில்லுடனும் பகிரப்படுவதால், நிரலை ஏற்றும்போது கம்பியைக் கழற்றி வைப்பது நல்லது. "29.4" என்று அனுப்பினால் கம்பியில் செல்வன ஆறு பைட்டுகள்: 50, 57, 46, 52, 13, 10. கடைசி இரண்டும் வரி முடிவின் அடையாளங்கள்.

இந்த ஆறு பைட்டுகள் வந்து சேர 6 மில்லி நொடிகளுக்கு மேல் ஆகும். பையின் நிரல் அதைவிடப் பன்மடங்கு விரைவாகச் சுழல்வதால், ஒரு முறை படித்தால் "29" கிடைக்கலாம், அடுத்த முறை ".4" கிடைக்கலாம். எனவே வந்ததையெல்லாம் ஒரு குவியலில் சேர்த்து, 10 என்ற பைட் தென்படும்போது மட்டும் வரியை வெட்டியெடுக்க வேண்டும். எந்த மொழியில் எழுதினாலும் நிரலின் ஒழுங்கு இதுவே:

போர்ட்டைத் திற: சீரியல்0, வேகம் 9600, காத்திருப்பு 1 நொடி
குவியல் = வெறுமை
முதல் வரி = ஆம்
முடிவின்றித் திரும்பச் செய்:
– வந்திருக்கும் பைட்டுகளைப் படித்துக் குவியலின் கடைசியில் சேர்
– குவியலில் 10 இருக்கும்வரை:
– – 10 வரையுள்ள பகுதியை வெட்டியெடு
– – முதல் வரி = ஆம் எனில், அதை விட்டுவிட்டு, முதல் வரி = இல்லை என்று மாற்று
– – இல்லையேல் 13, 10 இரண்டையும் நீக்கி, எழுத்தாக மாற்றிப் பயன்படுத்து

பைத்தானின் பைசீரியல் நூலகத்தில் காத்திருப்பு நேரத்தைக் குறிக்காவிட்டால், தரவு வராதபோது படிக்கும் கட்டளை முடிவின்றி நின்றுவிடும். குறித்தால், ரீட்லைன் கட்டளை நேரம் முடிந்ததும் கையில் உள்ள அரைகுறை வரியையும் தந்துவிடும். ஆகவே ரீட்லைனைப் பயன்படுத்துவோரும் கடைசிப் பைட் 10-தானா என்று பார்த்த பின்னரே வரியை நம்ப வேண்டும்.

எழுத்தாக மாற்றும் வேலையை வரி முழுமையான பிறகு வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. "தமிழ்" என்ற சொல்லை யுடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறியீட்டு முறையில் அனுப்பினால் 15 பைட்டுகள் செல்லும்; இடையில் வெட்டுப்பட்ட எழுத்தை மாற்ற முயன்றால் நிரல் பிழையுடன் நின்றுவிடும். யுடிஎஃப்-8 தமிழ் எழுத்துகளுக்குள் 10 என்ற பைட் ஒருபோதும் வராது என்பதால், நம் வெட்டும் முறை அவற்றுக்கும் பொருந்தும்.

முதல் வரியை ஏன் விட்டுவிட வேண்டும்

ஊனோ "29.4" அனுப்பிக்கொண்டிருக்கும் நடுவில் நம் நிரல் போர்ட்டைத் திறந்தால், முதலில் கிடைப்பது "9.4" ஆக இருக்கலாம். பொருளற்ற குறிகள் வந்தால் உடனே கண்ணில் படும். "9.4" அப்படியன்று, அது முறையான எண், முறையான வரி முடிவும் கொண்டது, எந்த எச்சரிக்கையும் இன்றிப் பதிவேட்டில் ஏறிவிடும். சீரியல் தொடர்பில் நான் மிகவும் அஞ்சுவது இந்த வகைப் பிழையைத்தான்.

தொடக்கத்தில் மட்டுமன்றி, இரைச்சலாலோ, பஃபர் (வந்த பைட்டுகளைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) நிரம்பியதாலோ இடையிலும் ஒரு பைட் காணாமல் போகலாம். அதற்குச் சரிபார்ப்பு எண் வேண்டும். ஜிபிஎஸ் கருவிகள் பயன்படுத்தும் என்எம்இஏ 0183 வரிகளில் உள்ள அதே வழியை எளிமையாக்கிக் கையாளலாம்: வரியின் பைட்டுகள் அனைத்தையும் எக்ஸார் செய்து (பிட்டுகளை ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒன்றானால் 0 என்று இட்டு), விடையை உடுக்குறிக்கு (*) பின் சேர்த்து அனுப்ப வேண்டும். 50, 57, 46, 52 ஆகியவற்றை எக்ஸார் செய்தால் 17, ஆகவே ஊனோ "29.4*17" என்று அனுப்பட்டும். முதல் எழுத்து தொலைந்து "9.4*17" என வந்தால், பை கணக்கிட்டுப் பெறுவது 35. இரண்டும் பொருந்தாததால் அந்த வரியை விட்டுவிட்டு, அடுத்த நொடி வரும் வரிக்காகக் காத்திருக்கலாம். விடப்பட்ட வரிகளின் எண்ணிக்கையையும் ஒரு மாறியில் எண்ணி வாருங்கள். அது நாள்தோறும் கூடிக்கொண்டே போனால், கம்பியின் நீளத்தையும் கிரவுண்ட் இணைப்பின் இறுக்கத்தையும் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.