மழையில் ஒட்டிய பலகை: கிதார் செய்யத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஓர் இளைஞர், தாம் செய்த முதல் கிதாரைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு புதுச்சேரி முத்தியால்பேட்டையிலுள்ள என் பட்டறைக்கு வந்தார். போர்வையைப் பிரிக்கும்போதே, "அண்ணா, பாலிஷ்ல மட்டும் லேசா ஒரு கீறல்" என்றார். கீறல் பாலிஷில் இல்லை. கம்பிகளின் அடிமுனையைப் பிடித்து நிற்கும் கட்டையான பிரிட்ஜின் பின்விளிம்பிலிருந்து அடிப்பகுதி வரை மரமே ரேகையோடு, அதாவது அதன் நார் ஓடும் வரியோடு, பிளந்திருந்தது. ஒலித்துளைக்குள் சிறு விளக்கை விட்டுப் பார்த்தபோது வெளிச்சம் நூல்போல வெளியே கசிந்தது. பலகையின் உட்புறம் ஒட்டும் தாங்கு குச்சிகளான பிரேஸ்களை எப்போது ஒட்டினீர்கள் என்று கேட்டேன். "டிசம்பர்ல, லீவுல" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

சனிக்கிழமைகளில் என் பட்டறைக்கு வரும் புதியவர்கள் பலரும், நான் ஒருகாலத்தில் பணத்தையும் பெயரையும் இழந்து கற்றுக்கொண்ட அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். உளியைத் தீட்டாமல் வேலையில் இறங்குவது, கிளாம்ப் போதாமல் திண்டாடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை முதல் வாரத்திலேயே கை தானாகக் கற்றுக்கொள்ளும். செய்யும்போது தவறென்று தெரியாமல், மாதங்கள் கழித்துக் கணக்குத் தீர்ப்பவற்றை மட்டுமே சொல்கிறேன்.

பழைய மரத்தைக் கண்டு மயங்குவது

புதுச்சேரியிலும் கடலூர் முதுநகரிலும் பழைய வீடுகளை இடிக்கும்போது வெளிவரும் பர்மாத் தேக்குச் சட்டங்களைப் பார்த்தால் மரவேலை தெரிந்த எவருக்கும் கை துறுதுறுக்கும். நூறு ஆண்டு உலர்ந்த மரம், கிடைத்தற்கரிய மரம் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் தேக்கை மேல்பலகைக்கு, அதாவது ஒலித்துளை உள்ள முன்பக்கப் பலகைக்கு, பயன்படுத்துவது வீண்வேலை. அதன் எடைக்கு ஏற்ற விறைப்பு அதில் இல்லாததால், கம்பியின் மெல்லிய அதிர்வு அதை அசைப்பதற்குள் களைத்துவிடுகிறது. குளிர்நாட்டு ஊசியிலை மரமான ஸ்ப்ரூஸ் தேக்கைவிட மிகவும் லேசானது, ஆனால் ரேகையின் நீளத்தில் வியக்கத்தக்க விறைப்புள்ளது. மேல்பலகைக்கு உலகெங்கும் அதைத் தேடுவதற்குக் காரணம் இதுதான். தேக்கை நெக்குக்கும் (இடக்கை பிடிக்கும் கழுத்துப் பகுதி) பக்கங்களுக்கும் வைத்துக்கொள்ளலாம். அப்போதும், தேக்கிலுள்ள எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது என்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன்பாகப் புதிதாகச் சீவி, அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்துவிட வேண்டும். சட்டத்துக்குள் புதைந்திருக்கும் ஆணி இழைப்புளியின் அலகைப் பல்லிளிக்க வைத்த பிறகுதான் பலரும் காந்தத்தால் தடவிப் பார்க்கும் வழக்கத்துக்கு வருகிறார்கள்.

முதுகுக்கும் பக்கங்களுக்கும் நான் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவைப் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் ஆகிவந்த மரம் கிதாருக்கும் ஆகிவருகிறது. ஈட்டி மரம்தான் வேண்டும் என்போர், விற்பவரிடம் அனுமதித் தாளையும் ரசீதையும் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். தமிழ்நாட்டில் ஈட்டி மரத்துக்கென்றே 1994-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது.

பயத்தால் மேல்பலகையைத் தடிமனாக விட்டுவிடுவது

ஆறு எஃகுக் கம்பிகளும் சுருதி சேர்ந்து நிற்கும்போது மொத்த இழுவிசை 70 கிலோவைத் தாண்டும் என்று கேள்விப்பட்டவுடன், புதியவர் மேல்பலகையை 4 மில்லிமீட்டரில் நிறுத்திவிடுகிறார். அந்தக் கிதார் ஒருநாளும் உடையாது. ஒருநாளும் பாடவும் பாடாது. ஸ்பெயின் நாட்டுக் கிதார் வல்லுநர் அந்தோனியோ தெ தோரெஸ் 1862-இல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, மேல்பலகையை மட்டும் நல்ல மரத்தால் அமைத்த ஒரு கிதாரை உருவாக்கினார். ஒலி எங்கிருந்து பிறக்கிறது என்பதை அவர் அவ்வாறு காட்டினார். 3 மில்லிமீட்டருக்கு வந்த பிறகு அளவுகோலை ஓரமாக வைத்துவிட்டு, பலகையின் இரு விளிம்புகளையும் பிடித்துக் கட்டைவிரல்களால் வளைத்துப் பாருங்கள். இரண்டு பலகைகள் ஒரே தடிமனில் இருந்தும் விறைப்பில் வெகுவாக மாறுபடும். எண்ணை நம்பி இழைப்பவருக்கு அது தெரியாமலே போய்விடும்.

ஈரக் காற்றில் பிரேஸ் ஒட்டுவது

எனக்கு இன்றும் எரிச்சல் அடங்காத தவறு இது.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. என் பட்டறைக் கூரையில் பாதி ஓடுகள் பறந்துவிட்டன. நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்க மனமில்லாமல், இழைப்புளிக்கும் உளிக்கும் மின்சாரம் எதற்கு என்று எண்ணி, நனைந்த சுவர்களுக்கு நடுவே அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் ஒரு கிதாரின் மேல்பலகைக்குப் பிரேஸ்களை ஒட்டி முடித்தேன். ஜனவரி முடிவதற்குள் பெட்டியையும் மூடிவிட்டேன். ஒரு நாளையும் வீணாக்கவில்லை என்ற பெருமை வேறு.

ஜூன் மாதத்தில் முடிந்த அந்தக் கிதாரை வாங்கியவர் பெங்களூருக்கு எடுத்துச் சென்றார். எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிப்ரவரியில் தொலைபேசியில் அழைத்து, கம்பிகள் நெக்கின் மேலுள்ள உலோகக் கட்டைகளான ஃபிரெட்டுகளில் பட்டு இரைகின்றன என்றார். பிரிட்ஜின் மேல் கம்பிகள் அமரும் சிறு பட்டையான சேடில் தாழ்வாக அமைந்துவிட்டது போலும் என்று நானாக முடிவுசெய்து, உயரமான சேடில் ஒன்றைச் செதுக்கிக் கூரியரில் அனுப்பிவைத்தேன். நோய் பலகையில் இருக்க, மருந்தைச் சேடிலுக்குக் கொடுத்திருக்கிறேன். கம்பிகள் தாழ்ந்ததற்குக் காரணம் மேல்பலகை உள்வாங்கியதே. அந்த அறிகுறியை அன்றே படித்திருந்தால், கிதாரை ஈரப்பதம் கூடிய இடத்தில் வைக்கச் சொல்லிக் காப்பாற்றியிருக்கலாம். ஏப்ரலில் மீண்டும் அழைத்தார். பலகை ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருந்தது. பணத்தைத் திருப்பித் தந்தேன். அவர் அதன்பின் எவரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. அவர் அறிமுகப்படுத்துவதாகச் சொன்ன இருவரும் வரவில்லை.

நடந்தது என்னவென்றால், மரம் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாக இருக்கும்போது மரத்துக்குள் அதன் உலர் எடையில் சுமார் 16 விழுக்காடு நீர் தங்கும், 45-இல் ஏறத்தாழ எட்டரை, 30-இல் ஆறு. நீர் வெளியேறும்போது மரம் ரேகைக்குக் குறுக்கே சுருங்கும், ரேகையின் நீளவாட்டில் அநேகமாகச் சுருங்கவே சுருங்காது. கிதாரின் மேல்பலகையில் ரேகை நீளவாட்டில் ஓடுகிறது. பிரேஸ்களோ பெரும்பாலும் அதற்குக் குறுக்காகவோ சாய்வாகவோ ஒட்டப்படுகின்றன. எனவே 400 மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்ப்ரூஸ் பலகை, நம்மூர் மழைக்கால ஈரத்திலிருந்து பெங்களூரின் மார்ச் மாதப் பிற்பகல் வறட்சிக்குப் போகும்போது ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் சுருங்க முயல்கிறது. அதன் அடியில் ஒட்டியிருக்கும் பிரேஸ் ஒரு மயிரிழைகூட விட்டுக்கொடுப்பதில்லை. முதலில் பலகை குழிகிறது, பிறகு பிளக்கிறது. அதே பலகையை 45 விழுக்காட்டில் ஒட்டியிருந்தால், அங்கே போய்ச் சுருங்க வேண்டியது 2 மில்லிமீட்டருக்கும் குறைவு.

"நம்ம ஊரில் செய்து நம்ம ஊரிலேயே வாசிக்கப் போகிறேன், எனக்கெதற்கு இந்தக் கணக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்த வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அக்னி நட்சத்திரத்தில் நண்பகல் வரை வீசும் மேல்காற்று நம் ஊரையும்தான் காய்ச்சுகிறது. அதைவிட, இரவெல்லாம் ஏசி ஓடும் படுக்கையறையில்தான் இன்று எல்லோரும் கிதாரைத் தொங்கவிடுகிறார்கள். வறண்ட நிலையில் ஒட்டப்பட்ட கிதார் நம்மூர் ஐப்பசி, கார்த்திகையில் சற்று உப்பும், கம்பிகள் உயரும், சேடிலைச் சிறிது தேய்த்தால் சமாளிக்கலாம். ஈரத்தில் ஒட்டப்பட்டதற்கு அப்படி ஒரு வழி இல்லை.

மஞ்சக்குப்பத்து இளைஞர் இதையெல்லாம் ஓரளவு படித்திருந்தார் என்பதுதான் வேடிக்கை. ஏசி அறையில்தான் ஒட்டியிருக்கிறார். ஆனால் பலகை ஒரு வாரமாகத் தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்திருந்தது. ஒட்டும் அன்று காலை உள்ளே எடுத்துவந்து, இரண்டு மணி நேரத்தில் பிரேஸ்களை வைத்து அழுத்திவிட்டார். அறையின் காற்று உலர்ந்திருந்தது, பலகை உலர்ந்திருக்கவில்லை. அவருடைய ஈரப்பதமானி 52 காட்டியதாம். அதையும் சோதித்துப் பார்த்தேன்.

அந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. மரக்காணத்து உப்பு ஒரு சிட்டிகை எடுத்து, பாட்டில் மூடியில் போட்டு, கரைந்துவிடாமல் ஈர மணல்போல் ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். நனைந்த சாப்பாட்டு உப்பு, மூடிய டப்பாவின் காற்றை 75 விழுக்காட்டில் நிறுத்தும். இது எந்த ஊரிலும் மாறாது. காலையில் அவருடைய கருவி 63 காட்டியது. 12 குறைத்துக் காட்டும் கருவியை நம்பி ஒட்டியிருக்கிறார். 52 என்று அவர் படித்தபோது அறையில் இருந்தது 60-க்கு மேல்.

உலர்த்துவதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. என்னிடம் இருப்பது பழைய துணி அலமாரி ஒன்று. அடியில் இரண்டு குண்டு பல்புகள், மேலே விரலளவு ஓட்டைகள். 28 டிகிரியில் 85 விழுக்காடு ஈரத்துடன் இருக்கும் காற்றை 38 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதம் 50-க்கும் கீழே வந்துவிடும். மேல்பலகையையும் பிரேஸ் குச்சிகளையும் சேர்த்தே அதில் வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை பார்த்துப் பலகையின் மீதே பென்சிலால் எழுதிவைப்பது என் வழக்கம். கடந்த மழையில் ஒரு பலகை 303 கிராமில் தொடங்கியது. மறுநாள் 295, அடுத்து 290, 287, 285; ஆறாம் நாளும் 285. எடை நின்ற பிறகுதான் பசையைத் திறந்தேன். ஒட்டி, கிளாம்ப் எடுத்த கையோடு பலகையை மீண்டும் அலமாரிக்குள் வைத்துவிட வேண்டும். மேசையில் ஓர் இரவு கிடந்தால் அது வேறு பலகை. முதுகுப் பலகைக்கும் இதே விதிதான், அதில் பிரேஸ்கள் நேர்குறுக்காகவே ஓடுவதால் பிளவு இன்னும் எளிது.

இந்தப் பொறுமை இல்லாதவர்கள், மழை மாதங்களில் நெக் செதுக்கட்டும், பிரிட்ஜ் செய்யட்டும். பலகைப் பக்கம் போக வேண்டாம்.

ஃபிரெட் அளவு

ஒவ்வொரு ஃபிரெட்டையும் நட்டிலிருந்தே, அதாவது நெக்கின் மேல்முனையில் கம்பிகள் அமரும் பட்டையிலிருந்தே, அளந்து குறியுங்கள். முந்தைய ஃபிரெட்டிலிருந்து அளந்தால் இருபது சிறு பிழைகள் ஒரு பெரிய பிழையாகச் சேரும்.

பிரிட்ஜைக் கணக்குப்படியே வைப்பது

கம்பி நீளம் 645 மில்லிமீட்டர் என்றால் 12-ஆம் ஃபிரெட் 322.5-இல் வரும், அங்கிருந்து இன்னொரு 322.5-இல் சேடில் என்று புதியவர் வைத்துவிடுகிறார். ஏட்டில் சரி. கம்பியை விரலால் அழுத்தும்போது அது சற்று இழுபட்டுச் சுருதி ஏறுவதை ஏடு கணக்கில் எடுப்பதில்லை. அதை ஈடுகட்ட, முதல் கம்பிக்குச் சுமார் 2 மில்லிமீட்டரும் ஆறாம் கம்பிக்குச் சுமார் 5 மில்லிமீட்டரும் பின்தள்ளிச் சேடிலைச் சாய்வாக அமைக்க வேண்டும். திறந்த கம்பியில் இனிமையாக ஒலித்துவிட்டு, மேலே போகப்போக அபசுரமாகும் கிதார்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுவே. இன்னொன்று: பிரிட்ஜை பாலிஷின் மேல் ஒட்டாதீர்கள். அதன் அடியிலுள்ள இடத்தில் பாலிஷை முழுக்கச் சுரண்டியெடுத்து, மரத்தோடு மரமாக ஒட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பசை

சாதாரண வெள்ளைப் பசை நாற்காலிக்குப் போதும். இழுவிசை ஓயாமல் நிற்கும் பிரிட்ஜில், மே மாத வெயிலில் கடற்கரைச் சாலையில் நிறுத்திய காருக்குள், அது மெல்ல நகரும். எனக்கு மரவேலை சொல்லித்தந்த திருப்பாதிரிப்புலியூர் ஆசாரி, விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசையான வச்சிரம் காய்ச்சித்தான் ஒட்டுவார். அதன் நாற்றத்துக்காக அவரைக் கேலிசெய்திருக்கிறேன். இன்று பிரிட்ஜுக்கும் பிரேஸுக்கும் நானும் வச்சிரமே காய்ச்சுகிறேன், பக்கத்து வீட்டார் முகம் சுளிக்கிறார்கள்.

மழை நாளில் பாலிஷ்

வெளுத்துவிடும். காத்திருங்கள்.

மஞ்சக்குப்பத்துக் கிதாரின் முதுகைச் சூடான கத்தியால் பிரித்துவிட்டோம். பிளவை மூடி உள்ளே துண்டு வைத்து ஒட்டுவது ஒரு வழி. ஆனால் பிரேஸ்கள் அப்படியே இருக்கும்வரை பலகை வேறொரு ரேகையில் பிளக்கும் என்பதால், அவற்றைச் சீவியெடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டலாம் என்று அவரே முடிவுசெய்தார். பலகை இப்போது என் அலமாரிக்குள் இருக்கிறது. தினமும் மாலையில், "எவ்வளவுண்ணா?" என்று கேட்டுச் செய்தி அனுப்புகிறார். நேற்று 262, இன்று 261. நாளையும் 261 என்று வந்தால், இழைத்த பிரேஸ் குச்சிகளை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.