டாஷ் கமரா வாங்க முன் பார்க்க வேண்டியவை

டாஷ் கமரா என்பது வாகனத்தின் முன்கண்ணாடியருகே பொருத்தி ஓட்டத்தைப் பதிவு செய்யும் கமரா. வன்னி வெயிலில் நிறுத்திய வானுக்குள் அதன் லித்தியம் பற்றரி ஊதிப்போகலாம். பற்றரிக்குப் பதிலாகக் கப்பாசிற்றர் (மின்தேக்கி) உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். லொறி, டிப்பர் என்றால் 24 வோல்ட் தாங்குமா என்று பாருங்கள். இரவில் ஏ9 வீதியில் கட்டாக்காலி மாடு குறுக்கே வந்ததைக் காட்ட 4கே என்ற மிக உயர்ந்த படத்தெளிவு தேவையில்லை. இருட்டில் தெளிவாகப் பிடிக்கும் 1080பி போதும்.

பலர் ஏமாறுவது மெமரி காட்டில்தான். சாதாரண காட் ஓயாமல் எழுதி அழிபட்டுப் பழுதாகும். கமரா விளக்கு எரியும், பதிவு இராது. ஓயாமல் எழுதுவதைத் தாங்கும் 'ஹை என்டுரன்ஸ்' வகை வாங்கி, மாதம் ஒருமுறை கமராவிலேயே ஃபோர்மட் செய்யுங்கள். அதிர்வு உணரியின் உணர்திறனைக் குறைந்த அளவில் வையுங்கள். இல்லாவிட்டால் கிரவல் வீதியின் ஒவ்வொரு குழியையும் விபத்தென்று எடுத்து அந்தத் துண்டைப் பூட்டிவைக்கும். பூட்டியவை தானாக அழியாது, காட் நிரம்பிவிடும்.

சம்பளத்துக்குச் சாரதி வைத்திருப்பவர்களுக்கு: உள்ளே பார்க்கும் கமராவை ஒளித்துப் பொருத்தாதீர்கள். எது பதிவாகிறது, யார் பார்ப்பார்கள், எத்தனை நாளில் அழியும் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். ஒலிப்பதிவை நிறுத்துங்கள், அவர் வீட்டாரோடு கதைப்பது முதலாளிக்கு எதற்கு? வாகனத்துக்குள் படுத்துறங்கும் இரவில் உள்கமரா மூடியிருக்க வேண்டும். அடையாளம் தெரியும் முகப்பதிவும் இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனிப்பட்ட தரவுதான்.

விபத்து நடந்தால் உடனே காட்டைக் கழற்றிப் பிரதி எடுங்கள். பொலிசுக்கும் காப்புறுதிக்கும் கொடுங்கள், வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.