பழைய லேண்ட் ரோவரில் 200டிடிஐ டீசல் இன்ஜின் ஏற்றுவது எப்படி?

1971 முதல் 1985 வரை வந்த லேண்ட் ரோவர் சீரிஸ் 3 வண்டிகளில் அதிகம் பார்ப்பது 2.25 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். சுமார் 70 குதிரைத்திறன். முரட்டு இன்ஜின்தான், ஆனால் பெட்ரோலைக் குடிக்கும், மேட்டில் திணறும். பிரிட்டனில் இதைக் கழற்றிவிட்டுப் பலரும் ஏற்றுவது, 1989-ல் டிஸ்கவரி என்ற லேண்ட் ரோவர் மாடலோடு வந்த 200டிடிஐ. 2,495 சிசி டர்போ டீசல், 111 குதிரைத்திறன், 265 நியூட்டன் மீட்டர் டார்க் (திருப்பு விசை).

முதன்முறையாக இன்ஜின் மாற்றுகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த 200டிடிஐயைத்தான். இன்ஜினின் அடிப்படை வடிவம் பழைய 2.25-ன் வழியில் வந்தது. அதனால் கியர்பாக்ஸுக்கு நடுவே தனியாக அடாப்டர் பிளேட் செய்ய வேண்டியதில்லை. கம்ப்யூட்டரும் கிடையாது. வி8-ஓ ஜப்பான் இன்ஜினோ ஆசைப்பட்டால் பாதிக் காசு லேத் பட்டறைக்கே போய்விடும்.

படி 1: இன்ஜினை மட்டும் வாங்காதீர்கள்

துருப்பிடித்த டிஸ்கவரி ஒன்றை முழு வண்டியாகவே வாங்குங்கள். ரேடியேட்டர், இன்டர்கூலர் (டர்போ தரும் சூடான காற்றைக் குளிர்விப்பது), அதன் குழாய்கள், ஆயில் கூலர், செல்ஃப் மோட்டார், ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்குவது) ரிலே, ஆக்சிலரேட்டர் கேபிள் எல்லாம் தேவைப்படும். தனித்தனியாக வாங்கினால் இன்ஜின் விலையையே தாண்டிவிடும். இன்னொரு லாபம், கழற்றுவதற்கு முன் ஓட்டிப் பார்த்துவிடலாம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஆயில் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று வந்தால் வேறு வண்டி தேடுங்கள்.

வாங்கும்போது டர்போ இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். டிஃபெண்டர் என்ற இன்னொரு லேண்ட் ரோவர் மாடலில் வந்த 200டிடிஐயில் அது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (புகை வெளியேறும் குழாய்த் தொகுப்பு) மேலே இருக்கும். சீரிஸ் வண்டியில் இடித்துக்கொள்ளாது. டிஸ்கவரியில் கீழே தொங்கும். சேசிஸில் உள்ள இன்ஜின் மவுண்டிங்கோடு மோதும். டிஃபெண்டர் இன்ஜின் கிடைப்பது அரிது, விலையும் அதிகம் என்பதால் பெரும்பாலோர் டிஸ்கவரி இன்ஜினோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

படி 2: வெளியே இருக்கும்போதே செய்ய வேண்டியவை

டைமிங் பெல்ட்டைக் கட்டாயம் மாற்றுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வு டிரெயின் (வால்வுகளை இயக்கும் பாகங்கள்) நாசம். வண்டிக்குள் ஏற்றிய பிறகு இதே வேலை நாலு மடங்கு எரிச்சல். வாட்டர் பம்ப், பின்பக்க ஆயில் சீல், கிளட்ச் தட்டு ஆகியவற்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

படி 3: பழைய இன்ஜினை இறக்குதல்

பேட்டரியைக் கழற்றுங்கள். கூலன்ட், ஆயில், பெட்ரோல் மூன்றையும் வடியுங்கள். பானெட், கிரில், ரேடியேட்டர் பேனல் எல்லாம் போல்ட்டில்தான் நிற்கின்றன. எடுத்துவிட்டால் முன்பக்கம் திறந்த வாசல். கியர்பாக்ஸின் முன்பகுதிக்கு அடியில் ஜாக்கி கொடுங்கள். இன்ஜினை செயின் பிளாக்கில் தூக்கி முன்னால் இழுங்கள். எடை 200 கிலோவைத் தாண்டும், தொங்கும்போது அடியில் கை, கால் எதுவும் போகக்கூடாது. கழற்றும் ஒவ்வொரு வயருக்கும் துண்டுச்சீட்டு ஒட்டுங்கள். மவுண்டிங் பிராக்கெட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவை புது இன்ஜினில் பொருந்தும்.

படி 4: கியர்பாக்ஸோடு சேர்த்தல்

ஃப்ளைவீல் ஹவுசிங்கின் (இன்ஜின் பக்கத்து உறை) துளைகளில் பெரும்பாலானவை சீரிஸ் பெல் ஹவுசிங்கோடு (கியர்பாக்ஸ் பக்கத்து உறை) ஒத்துப்போகும். இடிக்கிற ஸ்டட்டை (தலையில்லாத போல்ட்) கழற்றுங்கள், இல்லாத இடத்தில் துளை போட்டு மரை எடுத்து ஸ்டட் வையுங்கள். கிராங்க்கின் (இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டு) பின்முனையில் இருக்கும் சிறு புஷ் (உருளை வளையம்), கியர்பாக்ஸ் ஷாஃப்டின் மூக்கைச் சரியாகப் பிடிக்கிறதா என்று இன்ஜினை ஏற்றும் முன்பே பாருங்கள். லொடலொடவென்று இருந்தால் சீரிஸுக்கு உரிய புஷ் போடுங்கள். இதை விட்டுவிட்டால் கிளட்ச் சரியாக விடாது, மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டும்.

சேரும்போது கடைசி ஓர் அங்குலம் அடம்பிடிக்கும். போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள், ஹவுசிங் விரிசல் விடும். கிளட்ச் தட்டை நடுப்படுத்தும் கருவியால் மீண்டும் சரிபார்த்து, வண்டியை கியரில் போட்டு கிராங்க்கை லேசாகத் திருப்புங்கள். தானாக உள்ளே போகும்.

டர்போ மோதும் பிரச்சினைக்கு வழி, அந்தப் பக்கத்து மவுண்டிங்கை வெட்டி இடம் மாற்றி வெல்டிங் அடிப்பது. சேசிஸில் வெல்டிங் என்பதால் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

படி 5: டீசல் லைனும் மின்சாரமும்

டேங்கைக் கழுவிக் காய வையுங்கள். பெட்ரோல் இன்ஜினுக்கு இல்லாத ஒன்று இங்கே வேண்டும்: பம்ப்பிலிருந்து மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன்.

மின்சாரம் பயப்படும்படி இல்லை. இக்னிஷன் காயில், டிஸ்ட்ரிபியூட்டர் போய்விடும். காயிலுக்குப் போன வயரில் முழு 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டரில் பார்த்து, அதை இன்ஜெக்ஷன் பம்ப்பின் ஸ்டாப் சொலினாய்டுக்கு (மின்சாரம் நின்றால் டீசலை அடைக்கும் வால்வு) கொடுங்கள். சாவியை அணைத்தால் இன்ஜின் நிற்கும். ஹீட்டர் பிளக்குக்குத் தடித்த வயரும் ரிலேயும் தனியாக. டீசலைச் சுழற்ற வலுவான பேட்டரி தேவை.

பிரேக் பூஸ்டர் (மிதியின் அழுத்தத்தைக் கூட்டுவது) உள்ள வண்டியானால், அது இதுவரை காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டிலிருந்து வேக்குவம் (உறிஞ்சும் விசை) எடுத்திருக்கும். டீசலில் அது கிடைக்காது. 200டிடிஐயில் தனி வேக்குவம் பம்ப் உண்டு, ஹோஸை அதில் மாட்டுங்கள்.

படி 6: குளிர்விப்பு

டிஸ்கவரியின் ரேடியேட்டர், இன்டர்கூலர் தொகுப்பு அகலமானது. ரேடியேட்டர் பேனலை வெட்டியோ சற்று முன்னால் தள்ளியோதான் உட்கார வைக்க முடியும். இன்டர்கூலரை விட்டுவிடலாமே என்று தோன்றும். விடாதீர்கள்.

படி 7: முதல் ஸ்டார்ட்

ஸ்டாப் சொலினாய்டு வயரைக் கழற்றி வைத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். டர்போ பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேர வேண்டும். அப்புறம் லிஃப்ட் பம்ப்பின் (டேங்கிலிருந்து டீசலை இழுப்பது) கை நெம்புகோலால் அடித்து, டீசல் லைனில் ஏர் எடுங்கள். வயரை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ஏர் இன்லெட்டை மூட ஒரு தட்டைப் பலகை கையில் இருக்கட்டும். இன்ஜின் கட்டுக்கு மீறி ஓடினால் சாவியால் நிற்காது, காற்றை அடைத்தால்தான் நிற்கும்.

பலரும் தள்ளிப்போடும் வேலை

இரண்டு இன்ஜினும் உச்ச சக்தி தருவது 4,000 ஆர்பிஎம்மில். எனவே கியர் விகிதத்தை மாற்றாவிட்டால் மேடு எளிதாக ஏறும், ஆனால் உச்ச வேகம் பெரிதாகக் கூடாது, நெடுஞ்சாலையில் காது வலிக்கும். குட்டை வீல்பேஸ் வண்டி என்றால், 4.7 டிஃபெரன்ஷியலுக்கு (அச்சில் சுழற்சியைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கியர்; எண் அதன் விகிதம்) பதில் பழைய ரேஞ்ச் ரோவரின் 3.54 போடலாம். அதே ஆர்பிஎம்மில் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடும். முன்னும் பின்னும் இரண்டையும் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றி நாலு சக்கர டிரைவ் போட்டால் ஏதோ ஒன்று உடையும். ஓவர்டிரைவும் (கூடுதல் உயர் கியர்) ஒரு வழி, ஆனால் இந்த டார்க்கை அது நீண்டநாள் தாங்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

வேகம் கூடினால் நிறுத்தவும் வேண்டும். சீரிஸ் 3-ல் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். ஷூ, வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் புதிதாகப் போடாமல் சாலைக்கு எடுக்காதீர்கள்.

பிரிட்டனில் புது இன்ஜின் எண், சிசி, எரிபொருள் மூன்றையும் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் கதை வேறு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இத்தகைய மாற்றத்தைக் கட்டுப்படுத்துகிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகவே விளக்கியது. ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.