ஐரோப்பிய மன்னரும் மதமும்: கட்டுரைக்கு எப்படிப் படிக்கிறது

ஏஎல்ல ஐரோப்பிய வரலாறு எடுத்திருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு இது. வரம்பில்லா முடியாட்சியும் மதமும் எண்டு கேள்வி வந்தா நிறையப் பேர், ராஜாவுக்கு அதிகாரம் கடவுள்ட்ட இருந்து வந்தது எண்டு ஒரு பந்தி, பிரான்ஸ் ராஜா பதினான்காம் லூயி சூரிய மன்னன் எண்டு இன்னொரு பந்தி எழுதிட்டு நிப்பாட்டிடுறாங்க. அது கொள்கை மட்டும்தான். கிறிஸ்தவ சபை மேல ராஜாவுக்கு உண்மையில எவ்வளவு பிடி இருந்தது எண்டத காட்டினாத்தான் கட்டுரை நிக்கும்.

அதுக்கு, ஒவ்வொரு ராஜாவையும் எடுத்து மூண்டு விஷயம் தேடுங்க. ஆயர்மார ஆர் நியமிக்கிறது, சபையின்ட காணியும் காசும் ஆர் கையில, ராஜாவின்ட மதத்தில இல்லாத சனத்துக்கு என்ன நடக்குது. கொப்பியில ஒரு நாட்டுக்கு ஒரு பக்கம் விட்டு இத மட்டும் எழுதிக்கொண்டு வாங்க, போர் லிஸ்ட் எல்லாம் பிறகு பாக்கலாம்.

முதல் பிரான்ஸ். 1516ல முதலாம் பிரான்சிஸும் பாப்பரசர் பத்தாம் லியோவும் பொலோஞா உடன்படிக்கை செய்தாங்க, அதால ஆயர்மார தெரிவு செய்யிற உரிமை ராஜாவுக்கு வந்திட்டுது, பாப்பரசர் உறுதிப்படுத்துறது மட்டும்தான். இங்கிலாந்தில எட்டாம் ஹென்றிக்கு கல்யாணப் பிரச்சினைதான் தொடக்கம், ஆனா 1534ல சபைக்குத் தானே தலைவர் எண்டு சட்டம் போட்ட பிறகு 1536 தொடக்கம் 1540 வரைக்கும் மடங்கள மூடி காணிய எடுத்தார், பெரும்பகுதிய வித்தார். இந்த விக்கிறத கவனிங்க, ஏனெண்டா பிறகு முதலாம் மேரி வந்து நாட்ட ரோமோட திரும்பச் சேத்தும் காணிய வாங்கினவங்க குடுக்க மாட்டன் எண்டு இருந்திட்டாங்க, அவவால ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு. ராணி நினைச்சாலும் எல்லாம் நடக்காது எண்டதுக்கு இதவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியேல்ல.

இப்ப திரும்பப் பிரான்ஸுக்கு, 1685க்கு வாங்க, இங்கதான் நேரம் செலவழிக்க வேணும். 1598ல பிரெஞ்சு ராஜா நாலாம் ஹென்றி நாந்து ஆணையால பிரெஞ்சு புரட்டஸ்தாந்துகாரருக்கு, அதாவது ஹியூகனோக்களுக்கு, வழிபட உரிமை குடுத்திருந்தார். பதினான்காம் லூயி காலத்தில குதிரைப்படை ஆக்கள ஹியூகனோ வீடுகளுக்குள்ளயே தங்க விட்டாங்க. சாப்பாடு, படுக்கை, குதிரைக்குத் தீனி எல்லாம் வீட்டுக்காரன்ட செலவு, மதம் மாறினா படை போயிடும். பிறகு 1685 அக்டோபர்ல ஆணையையே ரத்துச் செய்தாங்க, போதகர்மார் 15 நாளுக்குள்ள நாட்ட விட்டுப் போக வேணும், ஆனா சாதாரண சனம் போகக்கூடாது, பிடிபட்ட ஆம்பிளைகளுக்கு அரச கப்பல்ல துடுப்பு வலிக்கிற தண்டனை. அப்பிடியிருந்தும் கிட்டத்தட்ட 2 லட்சம் பேர் தப்பிப் போனாங்க எண்டு கணக்கிடுறாங்க.

சில கிழமைக்குள்ள, ஜேர்மன் பக்கத்து பிராண்டன்பேர்க் நாட்டு ஆட்சியாளர் பிரெட்ரிக் வில்லியம் பொட்ஸ்டாம் ஆணை போட்டு இவங்கள வரச்சொன்னார், ஏறத்தாழ 20,000 பேர் அங்க போனாங்க. அவரும் தன்ட அதிகாரத்த பெருப்பிச்ச ஆள்தான், ஆனா போரால ஆளில்லாமக் கிடந்த நாட்டுக்குத் தொழில் தெரிஞ்ச சனம் வேணும். இந்த ரெண்டு பேரையும் ஒரே பந்தியில வச்சு எழுதுங்க. லூயி கத்தோலிக்கன், அதால பாப்பரசரின்ட ஆள் எண்டு மட்டும் எழுதிடாதீங்க, 1682லதான் பிரெஞ்சு ஆயர்மார் கூடி, நாட்டு விஷயத்தில ராஜாவுக்கு மேல பாப்பரசருக்கு அதிகாரமில்ல எண்டு தீர்மானம் எடுத்தவங்க.

ரஷ்யாவுக்கு ரெண்டு வரி காணும். 1700ல ரஷ்யச் சபையின்ட தலைவர் (பேட்ரியார்க்) அட்ரியன் செத்த பிறகு முதலாம் பீட்டர் புது ஆள நியமிக்காம விட்டு, 1721ல சபைய நடத்த அரசாங்கத்துக்குக் கீழ ஒரு குழு வச்சார்.

கொழும்பில இருக்கிற பிள்ளைகள் ஒருநாள் வுல்வெண்டால் தேவாலயத்துக்குப் போய்ப் பாருங்க. ஒல்லாந்தர் 1749ல கட்டத் தொடங்கி 1757ல திறந்தது. ஒல்லாந்தர் ராஜா ஆட்சி இல்ல, அத கட்டுரைக்குள்ள கலக்க வேணாம், ஆனா ஹியூகனோக்கள் இருந்த அதே கல்வின் வழிச் சபை, அதாவது கல்வின் எண்ட போதகரின்ட வழியில வந்த புரட்டஸ்தாந்து சபை. சுரூபம் ஒண்டும் இல்ல, சுவர் வெறுமையா இருக்கும், பிரசங்க மேடைதான் கண்ணில படும். அப்பிடியே கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வாங்க, சுரூபமும் மெழுகுதிரியும் சனமும், ரெண்டு பக்கமும் எதுக்கு அடிபட்டாங்க எண்டது பாத்தாலே விளங்கும்.

கடைசியா, தோத்த ராஜா ஒருத்தரும் கட்டுரையில இருக்க வேணும். இங்கிலாந்து ராஜா முதலாம் சார்ல்ஸ் நல்லம். 1637ல ஸ்கொட்லாந்துக்கு ஜெபப் புத்தகம் திணிச்சது, அங்க கிளர்ச்சி, படைக்குக் காசில்லாம 1640ல பாராளுமன்றத்தக் கூட்டினது, 1642ல உள்நாட்டுப் போர், 1649ல தலை போனது. இத ஆறு வரிக்குள்ள, மணிக்கூடு வச்சு எழுதிப் பழகுங்க.