பேஸ்மென்ட் பார்க்கிங்கில் மழைநீர்க் கசிவு: வழியைக் கண்டுபிடித்து அடைப்பது எப்படி

சுவரில் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் எதையாவது பூசிவிட்டுப் போவதுதான் சென்னை அடுக்குமாடிகளில் வழக்கம். அடுத்த ஐப்பசியில் அதே தண்ணீர் இரண்டடி தள்ளி வரும். கான்கிரீட்டுக்குள் புகுந்த தண்ணீர் கம்பியோரமாக, பைப்போரமாக, ஜாயின்ட் வழியாகச் சில மீட்டர் ஓடிய பிறகுதான் வெளியே தலைகாட்டுகிறது. ஆகவே அது உள்ளே நுழையும் இடத்தைத்தான் தேட வேண்டும். அதற்குக் கையில் இருக்கிற சிறந்த கருவி கடிகாரம்: மழை தொடங்கி எவ்வளவு நேரத்தில் கசிவு ஆரம்பிக்கிறது, மழை விட்டபின் எவ்வளவு நேரம் தொடர்கிறது?

மழையில் குறியுங்கள், வெயிலில் வேலை செய்யுங்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கசிவைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் காலம். நிலத்தடி நீர் இறங்கிக் கிடக்கும் ஏப்ரல், மே, ஜூனில்தான் வெளிப்புற வேலைகளை எடுக்க வேண்டும். பெரும்பாலான குடியிருப்போர் சங்கங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. நவம்பரில் அவசரமாக ஆளைக் கூப்பிட்டு, மே மாதம் மறந்துவிடுகின்றன.

தூண்களுக்கு எண் போட்டு, பேஸ்மென்ட்டை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஈரம் தெரிகிற ஒவ்வொரு இடத்தின் ஓரத்தையும் சாக்பீஸால் கோடிட்டு, தேதியும் மணியும் எழுதி, படம் எடுங்கள். மொட்டை மாடியில் நேரான பக்கங்கள் உள்ள ஒரு டப்பாவை வைத்து, விழுந்த மழையை ஸ்கேலால் அளந்தால் போதும். நான்கைந்து மழைக்குள் கணக்கு தெளிவாகிவிடும்.

மழை பிடித்த அரை மணிக்குள் சொட்டத் தொடங்கி, விட்ட சில மணி நேரத்தில் நின்றுவிட்டால், அது மேலிருந்து வருகிற தண்ணீர். டிரைவ்வேயின் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் (கான்கிரீட் விரிந்து சுருங்குவதற்காக விட்ட இடைவெளி), கார் இறங்கும் சரிவான ராம்ப், செடித் தொட்டி, உடைந்த மழைநீர்க் குழாய் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ தொடங்கி, வெயிலடித்த பிறகும் மூன்று நான்கு நாள் நீடித்தால் அது சுவருக்குப் பின்னால் ஏறி நிற்கும் நிலத்தடி நீர். இது பெரும்பாலும் சுவரும் தரையும் சேரும் மூலையில் வரிசையாக ஊறும். மழைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரே அளவில் வந்தால் சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி), எஸ்.டி.பி. எனும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டி அல்லது தண்ணீர்க் குழாய்.

மண்ணும் இந்தக் கணக்கை மாற்றும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடற்கரை மணலில் தண்ணீர் வேகமாக ஏறி வேகமாக இறங்கும். பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய களிமண்ணில் ஏறிய தண்ணீர் வாரக்கணக்கில் நகராது. அங்கே கசிவு நிற்கத் தாமதமானால் உடனே சம்ப் மேல் பழி போடாதீர்கள்.

சந்தேகத்தை உறுதிசெய்யும் சோதனைகள்

முதலில், வருவது கசிவுதானா என்று பாருங்கள். காற்றோட்டம் இல்லாத பேஸ்மென்ட்டில் குளிர்ந்த சுவர் வியர்ப்பது உண்டு. சுவரைத் துணியால் துடைத்து, 45 செ.மீ. சதுரமான தடித்த பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் ஈரமானால் சுவர் வழியே வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரமானால் அது காற்றின் ஈரம். அதற்குத் தேவை எக்ஸாஸ்ட் ஃபேன், கீறலுக்குள் கலவையை ஏற்றி அடைக்கும் கிரவுட்டிங் இல்லை.

சம்ப் சோதனை எளிது. இரவில் நிரப்பி, உள்வரும் வால்வையும் மோட்டாரையும் நிறுத்தி, நீர்மட்டத்தில் கோடு போட்டு, காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் சம்ப் சுவர் கசிகிறது. மழைநாளில் இதைச் செய்யாதீர்கள். வெளியே நீர்மட்டம் உயர்ந்து நின்றால், ஓட்டை உள்ள சம்ப் கூடத் தண்ணீரை இழக்காது, வெளித் தண்ணீர்தான் உள்ளே வரும். மெட்ரோ வாட்டர் நிரப்பிய சம்ப் என்றால் கசிவு நீரில் குளோரின் சோதனைச் சொட்டை விட்டுப் பார்க்கலாம். நிறம் மாறினால் குழாய்த் தண்ணீர் என்பது உறுதி. மாறாவிட்டால் எதுவும் உறுதியில்லை, மண்ணைக் கடப்பதற்குள் குளோரின் அழிந்திருக்கலாம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரையும் முழுதாக நம்ப வேண்டாம். மழைநீரே ஆனாலும் கான்கிரீட்டைக் கடக்கும்போது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருவதால் அளவு ஏறியே காட்டும். சுவரில் படியும் வெள்ளைப் பூப்பு அந்தச் சுண்ணாம்புதான்.

மேற்பரப்புக் கசிவுக்கு ஹோஸ் போதும். தாழ்ந்த இடத்தில் தொடங்கி மேலே போங்கள். ஒவ்வொரு இடத்திலும் 20, 30 நிமிடம் தண்ணீர் விட்டு, கீழே ஒருவர் டார்ச்சோடு நிற்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழிகிற தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்து, எது குற்றவாளி என்றே தெரியாமல் போகும். எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டுக்கு இருபுறமும் சிமென்ட் கலவையால் சிறு வரப்பு கட்டி, 3 முதல் 5 செ.மீ. தண்ணீரை 24 மணி நேரம் தேக்குங்கள். சந்தேக இடங்கள் இரண்டு மூன்று இருந்தால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிற உணவுச் சாயத்தைக் கலந்து விடலாம். எஸ்.டி.பி. தொட்டியைச் சோதிக்க ஆளை உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு நிமிடத்தில் உயிரை எடுக்கும், சட்டமும் தடுக்கிறது.

அடைப்பதற்கு முன், தண்ணீரைத் திருப்புங்கள்

ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 100 மி.மீ. மழை விழுந்தால் ஏறத்தாழ 9,300 லிட்டர். அது குழாய் வழியாகச் சுவரின் அடியிலேயே கொட்டினால் எந்த ரசாயனமும் தாங்காது. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பல கட்டடங்களில் மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறைகிணறு இருக்கிறது. இடநெருக்கடியில் அது பேஸ்மென்ட் சுவரை ஒட்டிய ஒன்றரை மீட்டர் சந்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அந்தச் சந்து, கட்டுமானத்தின்போது தோண்டித் திரும்ப நிரப்பிய இளகிய மண். கிணற்றில் விட்ட தண்ணீர் நேரே சுவரின் பாதத்துக்குத்தான் போகும்.

சேகரிப்பை மூடச் சட்டம் இடம் தராது, மூடவும் வேண்டாம். மாடித் தண்ணீரை வடிகட்டிச் சம்ப்புக்கோ, மறுபக்கத்துத் திறந்த கிணற்றுக்கோ திருப்புங்கள். வேறு இடமே இல்லையென்றால், ராஃப்ட்டின் (பேஸ்மென்ட்டின் அடியில் இருக்கும் அஸ்திவாரக் கான்கிரீட் தளத்தின்) அடிமட்டத்துக்குக் கீழே ஒரு மீட்டர் வரை துளையில்லாத குழாயும், அதற்குக் கீழே மட்டும் துளைக் குழாயும் இறக்கலாம். மணல் பகுதியில் இது நன்றாக வேலை செய்யும், களிமண்ணில் பயன் குறைவு.

கட்டடத்தைச் சுற்றிய தரை, சுவரிலிருந்து வெளியே மீட்டருக்கு 2 செ.மீ. சரிய வேண்டும். தரைக் கான்கிரீட் சுவரைத் தொடும் விளிம்பில் எப்போதும் ஒரு கீறல் திறந்திருக்கும். அதை 10 மி.மீ. அகலத்துக்கு வெட்டி, ரப்பர் போல நெகிழும் பாலிசல்பைடு சீலன்ட் நிரப்புங்கள். இவ்வளவு சின்ன வேலையிலேயே பாதிக் கசிவு நின்றுவிடும் கட்டடங்கள் உண்டு.

ராம்ப்பின் தலையில் ஒரு மேடு இருக்க வேண்டும். சாலை மேல் சாலை போட்டுப் போட்டு வாசல் தாழ்ந்துபோன தெருக்களில் அந்த மேடு காணாமல் போயிருக்கும். இன்றைய சாலை மட்டத்திலிருந்து குறைந்தது 15 செ.மீ. உயரமாக அதைத் திரும்பக் கட்டி, ராம்ப்பின் தலையிலும் அடியிலும் கம்பிச் சட்டம் போட்ட குறுக்குக் கால்வாய் வையுங்கள். 90 சதுர மீட்டர் ராம்ப்பில் மணிக்கு 50 மி.மீ. மழை என்றால் நிமிடத்துக்கு 75 லிட்டர். அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளும் பம்ப் இரண்டு, ஃப்ளோட் சுவிட்ச், நான்ரிட்டர்ன் வால்வு, ஜெனரேட்டர் இணைப்பு எல்லாம் வேண்டும். வெள்ளம் வரும் நேரத்தில்தான் கரண்டும் போகும்.

ஜாயின்ட்டும் பைப் நுழைவும்

25 மி.மீ. அகல எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டில் பழைய தார், மண் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, உடைந்த விளிம்புகளை எபாக்சி மார்ட்டரால் கட்டி, நன்றாகக் காயவிடுங்கள். 30 மி.மீ. பேக்கர் ராடை (சீலன்ட்டுக்கு அடியில் வைக்கும் நுரைக் கயிறு) திணித்து, இரு பக்கமும் பிரைமர் தடவி, 12 மி.மீ. ஆழத்துக்குப் பாலிசல்பைடு நிரப்ப வேண்டும். ஆழம் அகலத்தில் பாதி என்பது கணக்கு. ஜாஸ்தி போட்டால் நல்லது என்று முழு ஆழத்துக்கும் நிரப்பினால், குளிரில் கான்கிரீட் சுருங்கி ஜாயின்ட் விரியும்போது சீலன்ட் நீள முடியாமல் பக்கத்தை விட்டுப் பிய்ந்துவிடும். 10 மீட்டர் நீளத்துக்கு 3 லிட்டரும், சேதாரத்துக்குக் கொஞ்சமும் வாங்கினால் சரி. ஒரு வாரம் கார் ஏறக்கூடாது.

வழவழப்பான பி.வி.சி. பைப்பில் சிமென்ட் ஒட்டாது. பைப்பைச் சுற்றி 75 மி.மீ. ஆழம் கொத்தி, பைப்பை உப்புத்தாளால் தேய்த்து, ஊறி உப்பும் வாட்டர்பார் பட்டையை அதைச் சுற்றிக் கட்டி, இறுகும்போது சுருங்காத நான்ஷ்ரிங்க் கிரவுட் நிரப்புங்கள். இ.பி. கேபிள் வரும் குழாயில் தண்ணீர் வெளியோரம் வராமல் குழாய்க்கு உள்ளேயே ஓடிவரும். கேபிளுக்கும் குழாய்க்கும் நடுவில் டக்ட் சீலன்ட் அடைக்க வேண்டும். இது மின்சாரத்தை நிறுத்தி, லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை.

சுவர்க் கீறலுக்கு பி.யூ. (பாலியூரித்தேன்) கிரவுட்டிங்

சுவருக்குப் பின்னால் 3 மீட்டர் தண்ணீர் நின்றால், அடியில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3 டன் அழுத்தம். உள்ளே அடிக்கும் பெயின்ட்டும் அக்ரிலிக் கோட்டிங்கும் இதனால்தான் கொப்புளித்து உரிகின்றன.

தண்ணீர் பீறிட்டால் முதலில் வேகத்தைக் குறையுங்கள். பொத்தலை 25 மி.மீ. ஆழத்துக்கு, வாயைவிட அடி அகலமாக இருக்கும்படி வெட்டி, ஓரிரு நிமிடத்தில் இறுகும் வாட்டர் பிளக்கைக் கையுறையோடு அழுத்திப் பிடியுங்கள். வி வடிவத்தில் வெட்டினால் கார்க் போலத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். மேலிருந்து அடைத்துக்கொண்டே வந்து, கீழே ஒரு சிறு குழாயை மட்டும் வடியவிட்டுக் கடைசியில் மூடுங்கள்.

பிறகு கிரவுட்டிங், 230 மி.மீ. சுவருக்கு இப்படி:

1. கீறலிலிருந்து 115 மி.மீ. தள்ளி, 45 டிகிரி சாய்வில் 14 மி.மீ. பிட்டால் 18 செ.மீ. ஆழம் துளையுங்கள். துளை கீறலைச் சுவரின் நடுவில் சந்திக்கும். தள்ளும் தூரம் எப்போதும் சுவர்க் கனத்தில் பாதி.
2. இடமும் வலமும் மாறி மாறி, 20 செ.மீ.க்கு ஒன்று. 3 மீட்டர் கீறலுக்குப் பதினாறு பேக்கர் (துளையில் இறுக்கி, ரசாயனத்தை ஏற்றும் முனை; ஜாயின்ட்டில் திணித்த பேக்கர் ராட் வேறு) ஆகும். துளைக்கும் முன் ஒயரிங் போகும் வழியைப் பாருங்கள்.
3. துளைத் தூசியைக் கழுவி, 13 மி.மீ. பேக்கரை இறுக்கி, தண்ணீரை ஏற்றிப் பாருங்கள். கீறலில் தண்ணீர் தெரியாத துளை கீறலைத் தொடவில்லை. அதை விட்டுவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.
4. அடிப் பேக்கரில் தொடங்கி, குறைந்த அழுத்தத்தில் பி.யூ. ஃபோமை ஏற்றுங்கள். அடுத்த பேக்கரில் ஃபோம் எட்டிப் பார்த்ததும் அங்கே மாறுங்கள்.
5. ஃபோம் தண்ணீரை நிறுத்துமே தவிர நிரந்தரம் இல்லை. அதே பேக்கர்களில் ஃபோம் இறுகும் முன் பி.யூ. ரெசினையும் ஏற்ற வேண்டும். செலவு கருதி ஒப்பந்தக்காரர்கள் விடும் படி இதுதான்.

தேன்கூடு போல உள்ளே பொத்தலாக இருக்கும் கான்கிரீட்டுக்கு பி.யூ. வீண் செலவு. 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 225 கிராம் விரிவுப் பொடி கலந்து, 25 லிட்டருக்கு மிகாமல் தண்ணீர் விட்ட சிமென்ட் பாலை ஏற்றுங்கள். ஈரமாக இருக்கும், இன்னும் அசைகிற கீறலில் எபாக்சி ஏற்றினால் பக்கத்திலேயே புதுக் கீறல் விழும். கான்கிரீட் போடப் பலகை அடிக்கும்போது அவற்றை இழுத்துப் பிடித்த கம்பிகள் விட்ட டை ராட் ஓட்டைகளை உள்ளிருக்கும் பிளாஸ்டிக் குழாயைப் பிடுங்கிவிட்டு கிரவுட் நிரப்புங்கள்.

கடைசியாக, உட்சுவரில் பெயின்ட், புட்டி எல்லாம் சுரண்டி, சுவரை நன்றாக நனைத்து, சிமென்ட் அடிப்படையிலான கிரிஸ்டலைன் கோட்டிங் இரண்டு முறை. சதுர மீட்டருக்கு மொத்தம் ஒன்றரை முதல் 2 கிலோ பிடிக்கும். மூன்று நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

தரை வழியே ஊறினால்

ராஃப்ட்டில் ஊறும் தண்ணீரை ஓரிடத்தில் அடைத்தால் இன்னொரு இடத்தில் கிளம்பும். பல இடத்தில் ஊறினால் அடைப்பதைவிட, ஓரக் கால்வாய் வெட்டி, குழியில் சேர்த்து, வெளியேற்றுவதே மேல். ஆனால் பம்ப் தள்ளும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து அரை மணி வையுங்கள். அடியில் மணல் படிந்தால் பம்ப்பை நிறுத்திவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அஸ்திவாரத்துக்கு அடியிலிருந்து மண் போகிறது என்று அர்த்தம். சுவரில் துருக்கறை வழிந்தாலும், கீறல் மாதந்தோறும் அகலமானாலும் அவரிடமே போக வேண்டும். சுவரின் வெளிப்புறம் தோண்டுவதற்கும் அப்படித்தான். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமானால் முட்டுக்கொடுக்காமல் ஆளை இறக்கக்கூடாது, காம்பவுண்டுச் சுவரே சரிந்து விழலாம்.

வேலை முடிந்த சுவரில் உடனே புட்டி அடிக்க விடாதீர்கள். பேக்கர் எண்களும் சாக்பீஸ் கோடுகளும் ஒரு மழைக்காலம் முழுக்கக் கண்ணில் படும்படி இருக்கட்டும். ஒப்பந்தத் தொகையில் கால் பங்கை டிசம்பர் கடைசியில் தருவதாக முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.